என் தங்கையின் நூறு மணி நேரம்

என் தங்கை செல்வலட்சுமியை மனநோய் டாக்டர் என்று யாராவது சொன்னால் அவள் உடனே திருத்துவாள். அவள் டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித் தருவதும் இல்லை. பதற்றத்தாலும் மனச்சோர்வாலும் கஷ்டப்படுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் நினைக்கிற விதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது அவள் படித்த படிப்பு. எர்ணாகுளத்தில் ஒரு நிறுவனத்தில் ஒரு வருடம் படித்தாள். சான்றிதழ் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்கு ஆணி அடித்தவன் நான்தான். அது எப்படி வந்தது என்று சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் இசக்கிராஜா. எங்கள் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு மூட்டை சுமக்க வந்தவர். நான் அதே கடைகளுக்கு, அதே மூட்டைகளை, சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன். ஒரு தலைமுறையில் எங்கள் முன்னேற்றம் அவ்வளவுதான். செல்வி மட்டும் படித்தாள். மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ்க்காரி என்பதற்காக 'பாண்டி' என்று கேலி செய்த பிள்ளைகளை எல்லாம் மார்க்கில் தோற்கடித்துப் பழி தீர்த்துக்கொண்டாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மனவியலில் பட்டம் வாங்கி, அதற்குமேல் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது தெருவே என்னைப் பிடித்து, "உன் தங்கச்சி கோட்டிக்கா படிக்கா?" என்று கேட்டது. எங்கள் ஊர்ப்பேச்சில் கோட்டி என்றால் பைத்தியம்.

பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நூறு மணி நேரம்தான் கழுத்தைப் பிடித்தது. பயிற்சியில் இருப்பவர் உண்மையான நோயாளிகளோடு நூறு மணி நேரம் உட்கார வேண்டும். சம்மதம் வாங்கிக்கொண்டு பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். செல்போனில்தான் பதிவு, ஆனாலும் அதை 'டேப்' என்றுதான் சொல்வார்கள். அந்த டேப்பை எட்டுப் பேர் கொண்ட வகுப்பில் போட்டுக் கேட்பார்கள். எங்கே அவசரப்பட்டாய், எங்கே பேச விடாமல் குறுக்கே விழுந்தாய் என்று மேற்பார்வை செய்யும் ஜெஸ்ஸி மேடம் சொல்வார். பேர் சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே பேசக் கூடாது.

சுள்ளிக்கல்லில் ஒரு தர்ம கிளினிக்கில் பயிற்சி. மலையாளத்தில் பேசுகிறவர்களை மற்ற ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "தமிழ்க்காரர் வந்தால் உனக்கு" என்றார் மேடம். தமிழ்க்காரர் எங்கே வருகிறார்? கால் வலிக்கு விடியற்காலையில் போய் டோக்கன் எடுக்கிற எங்கள் ஆட்கள், மனசுக்கு என்று ஒரு வரிசை இருந்தால் அந்தத் தெருவிலேயே நடக்க மாட்டார்கள். ஜனவரி வரைக்கும் செல்விக்கு முப்பத்தொரு மணி நேரம்தான் சேர்ந்திருந்தது. ஜூனுக்குள் நூறு ஆகாவிட்டால் இன்னொரு வருடம்.

ஆவுடையம்மாளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. புருஷன் ராமர் டைல்ஸ் பதிக்கிறவர். எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லை, ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுகிறோம். ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் சிவராமகிருஷ்ணன் என்பவரின் சரக்குக் கிட்டங்கியில் அத்தைக்குச் சுக்கு சுத்தம் செய்யும் வேலை. அவரும் தமிழ்தான் பேசுவார். கொச்சியில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவர்கள் தமிழும் எங்கள் தமிழும் ஒரே பெஞ்சில் உட்காராது. எல்லோரும் அவரைச் சாமி என்பார்கள்.

ஒருநாள் சரக்கு ஏற்றப் போனபோது, மாடிக்குப் போகும் மரப்படியில் அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க வேர்வை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அது மூன்றாவது தடவை. வீட்டில் செல்வியிடம் சொன்னேன்.

"இது நெஞ்சு இல்லண்ணே, பயம்" என்றாள். "நம்ம கிளினிக்குல பார்க்கலாம். ஆனா நான் பார்க்கக் கூடாது. தெரிஞ்ச ஆளுகளைப் பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"நம்ம தமிழ் தெரிஞ்ச வேற யார் இருக்கா அங்க? அவ உனக்கு என்ன சொந்தம்? அத்தைன்னு கூப்பிட்டா அத்தை ஆயிருவாளா?"

அவள் யோசித்தாள். முப்பத்தொன்றையும் யோசித்திருப்பாள். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

பதிவு செய்ய ஒரு சம்மதப் படிவம். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இரண்டு பக்கம். செல்வி அதை விளக்க ஆரம்பிப்பதற்குள் அத்தை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நம்ம பிள்ளைக்கு மார்க்கு கிடைக்கும்னா எங்க வேணும்னாலும் போடுதேன். எங்க போடணும், காட்டு."

எங்கள் வீட்டு வரிசையில் அதுதான் வழக்கம். ரேஷன் கார்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஜாமீனுக்கு என்று ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடுவோம். வாசித்துப் பார்த்துவிட்டுப் போட்டால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஒரு மாதத்துக்குப் பேச்சு இருக்காது. இது செல்விக்கு நன்றாகத் தெரியும். பேனாவைத் திரும்ப வாங்கி, எட்டுப் பேர் உன் குரலைக் கேட்பார்கள் அத்தை என்று நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போட்டது போதும் என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

வைத்தியம் நன்றாகத்தான் நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தைக்குப் பயம் முழுக்கக் கிட்டங்கி மாடியில். அங்கே மூட்டையைக் கயிறு கட்டி இறக்குவதற்குச் சுவரில் ஒரு பெரிய கதவு, அதற்கு வெளியே அந்தரம். பயப்படுகிற இடத்தை ஒரேயடியாகவும் அல்ல, ஓடி ஒளியாமலும், படிப்படியாக நெருங்க வேண்டும் என்பது செல்வி படித்த முறை. முதல் வாரம் நாலாவது படியில் நின்று மூச்சை எண்ணுவது. அடுத்த வாரம் எட்டாவது படி. நெஞ்சு அடித்தால் அடிக்கட்டும், இறங்கிவிடக் கூடாது, அது தானாக அடங்குகிறவரை நிற்க வேண்டும். இரண்டு மாதத்தில் அத்தை இருபத்திரண்டு படியும் ஏறினாள். மார்ச்சில் ஒரு புதன்கிழமை அந்தக் கதவின் பக்கத்தில் நின்று பத்து மூட்டை இறங்குவதைப் பார்த்தாள். கீழே ஆட்டோவோடு நின்ற என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள். அன்றைக்குச் செல்வி சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை வகுப்பில் செல்வியின் முறை. ஒவ்வொருவரும் முதல் டேப்பைத்தான் முதலில் போட வேண்டும் என்பது மேடத்தின் ஒழுங்கு. ஆக, நோய் முற்றியிருந்த நாளில் அத்தை பேசியது ஓடியது. "மேல அந்தக் கதவுகிட்ட நின்னா காலு தானா வெளிய போயிரும்போல இருக்கு தாயி. அங்கன சாமியோட அய்யா படம் மாட்டியிருக்கும்லா, அந்தச் சட்டத்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்." பேர் இல்லை, ஊர் இல்லை, விதிப்படி எல்லாம் சரி. ஆனால் எட்டுப் பேரில் ஒருத்தி ஸாதனா. சிவராமகிருஷ்ணனின் மகள். அது செல்விக்கு அதுவரை தெரியாது. அந்தப் படத்தில் இருப்பவர் அவளுடைய தாத்தா.

திங்கட்கிழமை அத்தையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் எனக்கு அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்க நின்றபோது சாமி தானாகவே பேச்சை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"உன் அனியத்தியோட கூடத்தானே எங்காத்துக் குட்டியும் படிக்கறா? அவ வந்து சொன்னா, பாவம் அந்த அம்மாவுக்கு மனசுக்கு சுகமில்லை, ஏதாவது சகாயம் பண்ணுங்கோன்னு. நான் போகச் சொல்லலை, கேட்டியா. ரெஸ்ட் எடுத்துக்கோன்னேன். மேல் தட்டிலே நின்னுண்டிருக்கச்சே நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, போலீஸுக்கு யாராக்கும் பதில் சொல்றது?"

"இப்ப அவங்களுக்குச் சுகமாயிட்டுது சாமி."

"டாக்டர் எழுதித் தரட்டும், பார்ப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் மேடத்திடம் போனாள். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேப்பில் பேரில்லல்லோ, செல்வீ" என்றாராம். பேர் இல்லாததால் ரகசியம் வெளியே போனதாக ஆகாது. இல்லை, போய்விட்டது என்று நீ எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும். ஸாதனா மட்டும் மாட்ட மாட்டாள். தெரிந்த ஆளை எடுத்ததற்கும், சம்மதம் சரியாக வாங்காததற்கும் உன் மணிக்கணக்கும் போய்விடும். குணமாகிவிட்டது என்று கடிதம் தரலாம், ஆனால் அந்தக் கடிதம் சாமி கைக்குப் போனாலே விஷயம் எழுத்தில் வந்துவிடும். யோசித்துச் செய் என்றாராம். ஸாதனாவும் வந்து அழுதாளாம். "நல்லதுக்குத்தான் சொன்னேன், சத்தியமா" என்று. நல்லதுக்குத்தான். அந்த வீட்டில் எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள்.

செல்வி எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தாள். தடுத்தவன் நான்.

"உனக்கென்ன கிறுக்கா? அப்பா முதுகு தேய்ஞ்சது எதுக்கு? இன்னும் நாற்பது மணி நேரம். வாயை மூடிக்கிட்டு முடி. அத்தைக்கு வேற இடத்துல வேலை நான் பார்த்துத் தாரேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். என் பேச்சைக் கேட்காதவள் அன்றைக்கு மட்டும் கேட்டாள். நாற்பது மணி நேரத்துக்கு ஆள் வேண்டுமே. அத்தை வாரம் மூன்று தடவை வந்துகொண்டிருந்தாள். வேலை போன பிறகு இன்னும் ஒழுங்காக வந்தாள்.

அடுத்து நடந்ததைச் செல்வி என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது, அதற்கும் விதி இருக்கிறது. சொல்லிவிட்டாள். நானும் அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அத்தை வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் பேச்சு இது: "யாரோ சாமிகிட்ட என்னைப் பத்திச் சொல்லியிருக்காங்க தாயி. கூட வேலை பார்க்கிறவளுகளோ யாரோ. இல்லன்னா நல்லா ஏறி நின்ன மறுவாரமே எப்படி நிறுத்துவாரு?"

மனச்சோர்வுக்காரர்களுக்கு இப்படி எண்ணங்கள் வரும், அவற்றை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும் என்பது செல்வி படித்த பாடம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட வேண்டும். முதல் கட்டத்தில் வந்த எண்ணம். இரண்டாவதில் அதற்கு என்ன ஆதாரம். மூன்றாவதில், வேறு எப்படி நினைக்கலாம். செல்விக்குத் தமிழ் எழுத வராது. அத்தை அஞ்சாவது வரை தமிழில் படித்தவள். ஆகவே எழுதியது அத்தை.

"அப்படிச் சொன்னாங்கன்னு என்ன ஆதாரம் இருக்கு அத்தை?" என்று கேட்டாள் என் தங்கை. உண்மை தெரிந்த வாயால் கேட்டாள்.

அத்தை யோசித்தாள். "ஆதாரம்னு ஒண்ணும் இல்ல."

"யாராவது சொல்லி நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்போ வேற எப்படி இருக்கலாம்?"

ஒரு மணி நேரம் இப்படிப் போயிருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் அத்தை தன் கையால், குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: 'யாரும் சொல்லவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்.' மேடம் அந்த டேப்பைக் கேட்டுவிட்டு, கேள்வி ஒன்றுகூட வழி தவறவில்லை என்று வகுப்பில் பாராட்டினார். செல்வி எழுதிக் கொடுத்த நோயாளி அறிக்கைக்கு அந்த வருடத்தின் அதிக மார்க். 'வேலை இழப்புக்குப் பின் எழுந்த சந்தேக எண்ணத்தை நோயாளி தானே மாற்றிக்கொண்டார்' என்று அதில் ஒரு வரி உண்டு. நான் வாசித்திருக்கிறேன், மலையாளத்தில்.

ஜூனில் சான்றிதழ் வந்தது. ஆணி அடித்தேன். எர்ணாகுளத்தில் ஒரு ஆலோசனை மையத்தில் செல்விக்கு வேலை கிடைத்தது. எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தோம். அத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போன தட்டை ராமர்தான் வாங்கிக்கொண்டார், அவள் வெளியே வரவில்லை.

கொடுத்த வாக்குப்படி நான் ஒரு வேலை பார்த்துவிட்டேன். பழம்பொருள் கடை ஒன்றில் தூசி தட்டி, பித்தளைச் சாமான் துலக்கும் வேலை. எல்லாம் தரைமட்டத்தில், மாடியே கிடையாது. சந்தோஷமாக அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். வாயெல்லாம் பல்லாக இருந்தவள்.

"வேண்டாம் ராசா. என் மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சிருதாம்லா. அங்க வெள்ளைக்காரன் எல்லாம் வருவான். கடைக்காரர் ரெண்டு நாள் பார்ப்பார், பிறகு அவரும் ரெஸ்ட் எடுன்னுருவாரு."

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. நானே எழுதிப் பார்த்து முடிவு பண்ணினதுதான்."

கடைக்குப் போகிறதில்லையாம். குழாயடிக்கும் ராமர்தான் போகிறார். கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறாள் என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த முகத்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வெற்றிலை போட்ட சாதாரண முகம். அதில் இல்லாத ஒன்றை நாங்கள் எழுதி ஒட்டிவிட்டோம்.

செல்வியிடம் சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "நீயும் வா" என்றாள். போனோம்.

அத்தை அடுப்படியில் கப்பைக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். செல்வி கீழே உட்கார்ந்து, படிப்பில் சொல்லிக்கொடுத்த மெல்லிய குரல் எதுவும் இல்லாமல், எங்கள் வீட்டுக் குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். டேப்பை வகுப்பில் போட்டது, ஸாதனா யார், அவள் வீட்டில் போய்ச் சொன்னது, சாமி என்னிடம் சொன்னது. நான் வாயை மூடச் சொன்னதையும் சொன்னாள். அதை விட்டிருக்கலாம், விடவில்லை.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ யாரோ சொல்லத்தான் செஞ்சிருக்காங்க."

"ஆமா அத்தை."

"சாமி என் மூஞ்சியப் பார்த்துக் கண்டுபிடிக்கல."

"இல்ல அத்தை."

"நான் நினைச்சது சரிதான்."

"சரிதான்."

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கோபப்படுவாள், ஏசுவாள், கையில் இருப்பதை எடுத்து வீசுவாள் என்று நான் தயாராக நின்றேன். அவளோ தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏய், இங்க வாங்க! எனக்குக் கோட்டி ஒண்ணும் இல்ல, கேட்டீங்களா? நான் நினைச்சதுதான் நடந்திருக்கு!" என்று வெளியே இருந்த ராமரைக் கூப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். செல்வியும் அழுதுகொண்டே சிரிக்கப் பார்த்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அத்தை கேட்டாள். "இது உனக்கு எப்பத்துல இருந்து தெரியும் தாயி?"

"வேலை போன வாரத்துல இருந்து."

"நான் வந்து உன்கிட்ட கேட்டேனே, அன்னைக்கு?"

"தெரியும்."

"நோட்டு போட்டமே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் தெரியும்."

"அந்தப் பொண்ணு சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல. சின்னப் பொண்ணு, இரக்கத்துல சொல்லியிருக்கும். நீ பயந்துபோய்ச் சொல்லாம இருந்ததுகூட சரி, படிப்பு போயிரும்லா. சொல்ல முடியலன்னா பேசாம இருந்திருக்கலாமே. நான் சரியாத்தான் பேசுதேன்னு தெரிஞ்சே என்னை உக்கார வச்சு, நான் நினைக்கதெல்லாம் நோயின்னு என் கையாலயே எழுத வச்சியே."

செல்வி கீழே கிடந்த கப்பைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

அத்தை மறுபடி கத்தியை எடுத்துக் கப்பையை உரிக்க ஆரம்பித்தாள். "ராசா, அந்தப் பித்தளைக் கடையில நாளைக்கே வாரேன்னு சொல்லிரு" என்றாள் என்னிடம். செல்வி எனக்கு முன்னால் எழுந்து வெளியே போனாள்.

அத்தை இப்போது அந்தக் கடையில்தான் இருக்கிறாள். முகத்தை மூடுவதில்லை, வருகிறவர்களிடம் சத்தமாக விலை சொல்கிறாள். தெருவில் செல்வி எதிரே வந்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. செல்வி அவளிடம் எப்படி இருக்கிறீர்கள் அத்தை என்று கேட்டால், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி, நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.